பரணுக்குக் கீழே ஒரு முகூர்த்தம்

கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிற எங்களுக்கு ஒரு பயம் உண்டு. வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டோம். தாலி கட்டுகிற அந்த அரை நிமிஷத்தைத் தவறவிட்டுவிட்டால் என்ன ஆவது என்கிற பயம்தான். மாலை மாற்றுவதைத் திரும்ப மாற்றச் சொல்லலாம். பந்தியைத் திரும்ப எடுக்கலாம். தாலி ஒரு தடவைதான். பதினாறு வருஷமாக விருத்தாசலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். பொம்பளை போட்டோகிராபரா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள், இப்போது பெண்ணுக்கு அலங்காரம் நடக்கிற அறைக்கு என்னை மட்டும்தான் விடுகிறார்கள். அந்தப் பெருமையெல்லாம் முகூர்த்த நேரம் நெருங்குகிறவரைதான். அதற்குமேல் பேட்டரியையும் மெமரி கார்டையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டே இருப்பேன்.

நான் சொல்ல வந்த கல்யாணத்தில் பயம் அதோடு நிற்கவில்லை. அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நன்றாக இருக்கிறாள். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

கல்யாணம் நடந்தது ஒரு செராமிக் கம்பெனியின் பேக்கிங் ஷெட்டில். யாரும் ஆசைப்பட்டுப் பிடித்த இடமில்லை. பெண் வீட்டார் நல்லூர்ப் பக்கத்தில் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். கார்த்திகை மாதம். மூன்று நாள் விடாத மழையில் பந்தல் சாய்ந்து, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பெரிய முகூர்த்த நாள் என்பதால் டவுனில் ஒரு மண்டபம்கூட காலியில்லை. பெண்ணின் அம்மா அந்தக் கம்பெனியில்தான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற வேலை பார்த்தார். விஷயம் கேள்விப்பட்ட முதலாளி, "நம்ம ஷெட்டுலயே வச்சிக்கம்மா" என்று சொல்லிவிட்டார். நல்ல மனசுதான். அது என் தலையில் வந்து விடிந்தது.

முந்தின நாள் சாயங்காலம் இடத்தைப் பார்க்கப் போனேன். பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஷெட் பெரியதுதான். ஆனால் பாதி உயரத்தில் இரும்புக் கம்பிகள் கொடுத்து, பலகை பரப்பி, ஒரு பரண் கட்டியிருந்தார்கள். பீங்கான் சாமான் உடையாமல் அனுப்புவதற்கான வைக்கோலும் அட்டைப்பெட்டிகளும் அந்தப் பரண் முழுக்க அடைத்துக் கிடந்தன. அதற்குக் கீழேதான் மணமேடை. மேடையில் ஏறி நின்று கையைத் தூக்கினால் உள்ளங்கை பலகையில் படும். வெளியே போக ஒரே ஒரு ஷட்டர். எனக்கு லிப்டில் ஏறினாலே மூச்சு முட்டும். நாளைக்கு இங்கே முந்நூறு பேர் நிற்பார்கள், ஹோமப்புகை வேறு சுழலும் என்று நினைத்ததும் உடம்பு வேர்த்தது.

பயத்தைக் கோபமாக்கிக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கு அகப்பட்டவர் டெக்கரேஷன்காரர். பரணின் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்புத் துணி அடித்துவைத்திருந்தார்.

"அண்ணே, இவ்ளோ தாழ்வா செவப்புத் துணிய அடிச்சா, அதுல பட்டுத் திரும்புற வெளிச்சத்துல பொண்ணு மாப்ள மூஞ்சியெல்லாம் மொளகாப் பழமாட்டம் வரும். மேடைக்கு மேல மட்டும் அவுத்துட்டு வெள்ளையா எதுனா அடிச்சிக் குடுங்க."

"கல்யாணத்துல வெள்ளத் துணியாம்மா? என்னைய வெரட்டி அடிப்பாங்க."

"வேட்டிய அடிங்க. நாலு மூலையிலயும் மஞ்சளத் தடவுங்க. யாரு கேப்பாங்க?"

முனகிக்கொண்டே அடித்துக் கொடுத்தார். அடுத்த சிக்கல் விளக்கு. நான் வழக்கமாகக் கொண்டுபோகிற எல்.இ.டி. விளக்கு வண்டியில் வரும்போது நனைந்து செத்துப்போயிருந்தது. என் ஸ்டூடியோவின் மூலையில் கிடந்த பழைய ஹாலஜன் விளக்கைத் தூசு தட்டிக் கொண்டுவந்தேன். அது சுடும். பக்கத்தில் நின்றால் கன்னம் காயும். ஸ்டாண்டு வைத்து நேராக அடித்தால், அந்தத் தாழ்ந்த இடத்தில் பெண்ணுக்குக் கண் கூசும். ஸ்டாண்டுக்கு இடமும் இல்லை. ஆகவே விளக்கைப் பரணின் இரும்புக் கம்பியிலேயே கட்டி, வெள்ளை வேட்டியைப் பார்க்கிற மாதிரி மேல்முகமாகத் திருப்பினேன். வேட்டியில் பட்ட வெளிச்சம் பரவிக் கீழே மெத்தென்று விழுந்தது. ஐந்து நிமிஷம் எரியவிட்டு, மேடையில் டெக்கரேஷன்காரரையே உட்காரவைத்து இரண்டு படம் எடுத்துப் பார்த்தேன். அந்த மனுஷனே அழகாக இருந்தார். எனக்கு என்னையே தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது. விளக்குக்கும் வேட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். நடுநடுவே அணைத்து அணைத்துப் போட்டால் போதும்.

மறுநாள் காலையிலும் மழை. வீடியோக்காரர் மங்கலம்பேட்டையிலிருந்து வரவேண்டியவர், வழியில் தண்ணீர் என்று போன் செய்து கையை விரித்துவிட்டார். நான் ஒருத்திதான். விளக்கின் ஒயரை மேடைக்குப் பின்னால் இருந்த அச்சு அறைக்கு இழுத்திருந்தேன். பொம்மை வார்க்கிற பிளாஸ்டர் அச்சுகளை அடுக்கிவைக்கிற சின்ன அறை அது. அங்கே இருந்த சுவிட்ச் உடைந்திருந்தது. பிளக்கைச் செருகினால் விளக்கு எரியும், பிடுங்கினால் அணையும், அவ்வளவுதான். செருகப் போனபோது பெண்ணின் அம்மா அங்கே ஒரு ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தார். புதுப்புடவை. நெற்றியில் பொட்டு இல்லை. கணவர் இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. தாரை வார்த்துக் கொடுக்கிற பொறுப்பைப் பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாக்கா இங்க ஒக்காந்திருக்கீங்க?"

"இங்கயே இருந்துக்கறன். தாலி ஏறற நேரத்துல நான் முன்னால வரக்கூடாதும்மா."

"நீங்க வந்து நின்னா யாரு என்னா சொல்லிடப் போறாங்க?"

"இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நாளைக்கு அவளுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட என்னையத்தான் நெனைப்பாங்க." சொல்லிவிட்டு என் கேமராவைப் பார்த்தார். "மேளச்சத்தம் கேக்கும், அது போதும். நீ எடுக்கற படத்துலதாம்மா நான் பாக்கணும். முடிச்சு போடற வெரலும் எம் பொண்ணு மூஞ்சியும் ஒண்ணா தெரியணும். செல்போனுல எடுக்கறதெல்லாம் ஆடிக்கிட்டே இருக்கும். உன்னையத்தான் நம்பியிருக்கறன்."

"எடுத்துடறன்க்கா" என்றேன். கையில் இருந்த பிளக்கைச் செருகிவிட்டு வெளியே வந்தேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போது செருகியிருக்கக்கூடாது. அந்த அம்மா சொன்னதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் அது எனக்கு உறைக்கவில்லை.

மாப்பிள்ளையின் கார் தண்ணீரில் நின்றுபோய், அவரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் தாமதம். ஐயர் மந்திரத்தை ஓட்டமும் நடையுமாகச் சொன்னார். கூட்டம் மழைக்குப் பயந்து மொத்தமாக ஷெட்டுக்குள் வந்து அடைந்தது. ஷட்டரையும் சாரல் அடிக்கிறதென்று பாதிக்கு இறக்கிவிட்டார்கள். நான் மேடை ஓரத்தில் ஒற்றை முழங்காலில் இருந்தேன். நிமிர்ந்தால் பின்னால் இருப்பவர்கள் கத்துவார்கள். தலைக்கு மேலே பலகை, முதுகில் யாருடைய முட்டியோ இடித்தது, கண்ணில் புகை. என் மூச்சை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு படம், இதை எடுத்துவிட்டால் வெளியே ஓடிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாலித் தட்டு கூட்டத்துக்குள் ஆசீர்வாதம் வாங்கப் போய்த் திரும்பியது. கேமராவைக் கண்ணில் வைத்தேன். மாப்பிள்ளையின் தலைக்கு மேலே, வெள்ளை வேட்டியில், ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தது. லென்ஸில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். திரும்பப் பார்த்தபோது புள்ளி கொஞ்சம் பெரிதாகி இருந்தது. கேமராவை இறக்கி நேராகப் பார்த்தேன். விளக்குக்கு நேர் மேலே வேட்டி அப்பளம் பொரிகிற மாதிரி நிறம் மாறிக்கொண்டிருந்தது. பலகை இடுக்கிலிருந்து தொங்கிய வைக்கோல் துரும்பு ஒன்றின் நுனி சிவந்து தெரிந்தது.

மேலே முழுப் பரணும் வைக்கோல். கீழே முந்நூறு பேர், குழந்தைகள், பட்டுப்புடவைகள். ஒரே ஒரு வழி, அதிலும் பாதி மூடிய ஷட்டர்.

"லைட்ட அணைங்க! பின்னால யாராச்சும் பிளக்க புடுங்குங்க!" என்று கத்தினேன்.

அதே நொடியில் ஐயர் விரலை உயர்த்தி ஆட்டினார். கெட்டி மேளம் தொடங்கியது. என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில் தவில்காரர்கள். கெட்டி மேளம் எதற்கு வாசிக்கிறார்கள் என்று நம் எல்லாருக்கும் தெரியும். தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மல், ஒரு அழுகை, ஒரு கெட்ட சொல் யார் காதிலும் விழுந்துவிடக்கூடாது. அன்றைக்கு அந்த மேளம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. "தீ! தீ!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் வாயைப் பார்த்த ஒரு பாட்டி நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அட்சதையைத் தூவியது.

இப்போது சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. நான் உடனே ஓடவில்லை. மாப்பிள்ளையின் கையில் தாலி இருந்தது. பெண்ணின் மாலையில் சரடு சிக்கிக்கொண்டது. அவர் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நொடி, விரலும் முகமும் ஒன்றாகத் தெரிந்துவிடும் என்று கேமராவைத் திரும்பவும் கண்ணில் வைத்தேன். மேலே எரிகிறது என்று தெரிந்தும் வைத்தேன். சரடு விடுபடவில்லை. வேட்டியில் இருந்து கருகின தூள் ஒன்று பெண்ணின் தோளில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

மணையைச் சுற்றி, யார் காலையோ மிதித்துக்கொண்டு, மேடையின் பின்திரையைத் தூக்கிக் குனிந்து அச்சு அறைக்குள் விழுந்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். மேடை சட்டென்று மங்கியது. பெண்ணின் அம்மா எழுந்து நின்றிருந்தார்.

"என்னாம்மா? எம் பொண்ணுக்கு என்னா?"

எனக்கு மூச்சே வரவில்லை. கையை மேலே காட்டினேன், மேடையைக் காட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது. அந்த அம்மா திரையை விலக்கிக்கொண்டு ஓடினார்.

அறையின் மூலையில் களிமண் காயாமல் இருக்க ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். ஒரு சாக்கை உருவிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். திரைக்கு இந்தப் பக்கம் அச்சுப் பெட்டி ஒன்றின்மேல் ஏறி, திரைக்கு மேலாகக் கையை நீட்டி, சாக்கை வேட்டியோடு சேர்த்துப் பலகையில் வைத்து அழுத்தினேன். முந்தின நாளெல்லாம் நான் திட்டித் தீர்த்த அந்தத் தாழ்ந்த கூரை, அன்றைக்குக் கைக்கு எட்டியது. மணிக்கட்டில் சுட்டது. விடவில்லை. மேளம் ஓய்கிறவரை அழுத்திக்கொண்டே நின்றேன். தீ வைக்கோலுக்குள் போய்விட்டதா என்று பலகை இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே யாரோ, "மழ ஒழுவுது பாரு, மாப்ள மேல படாம புடிங்க" என்றார்கள். கருகின வாசனையை ஹோமப்புகை விழுங்கிவிட்டது. ஒருத்தருக்கும் எதுவும் தெரியவில்லை.

திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை தாலி கட்டி முடித்து, அவருடைய அக்கா மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு நேர் எதிரே, இரண்டடி தூரத்தில், பெண்ணின் அம்மா கைகூப்பி நின்றிருந்தார். அவர் பக்கத்தில் யாரும் இல்லை. விலகிக்கொண்டிருந்தார்கள்.

மேளம் நின்றதும் மாப்பிள்ளையின் பெரியம்மா குரலைத் தாழ்த்தாமலே ஆரம்பித்தார்.

"நல்ல நேரத்துல இந்தம்மா எதுக்கு முன்னால வந்து நிக்குது? வந்து நின்ன நிமிசம் லைட்டு அணைஞ்சிப் போச்சு பாத்தீங்களா?"

பத்துப் பேர் தலையை ஆட்டினார்கள். பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் சாக்கைக் கீழே போட்டுவிட்டுத் திரைக்கு வெளியே வந்து, வாயைத் திறந்தேன். பெண்ணின் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். சுட்ட இடத்திலேயே பிடித்தார்.

"ஆமாங்க, புத்தி கெட்டுப்போயி வந்துட்டன். மன்னிச்சிக்குங்க" என்று பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார். என் கையை விடவில்லை.

சித்தப்பா ஏதோ சமாதானம் சொல்லிப் பேச்சை மாற்றினார். அதற்குள் மாப்பிள்ளையின் அக்கா என்னைப் பார்த்து, "தாலி கட்டறது எடுத்தீங்களா? நீங்க எழுந்து போனாப்ல இருந்துச்சே" என்றாள். செல்போனில் எடுத்தவர்கள் ஆளுக்காள் காட்டினார்கள். எல்லாவற்றிலும் அட்சதையும் கைகளும் இருட்டும்தான் இருந்தன. "லைட்டு போயிடுச்சு, வரல" என்றேன். அது பொய்யில்லை என்பதுதான் கேவலம். "சரி, திரும்ப ஒருக்கா கட்டறாப்ல புடிக்கச் சொல்லுங்க, எடுத்துக்கலாம்" என்றாள். ஐயர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுபடி நேராக உட்காரவைத்தார்கள். யாரும் சொல்வதற்கு முன்னால் அந்த அம்மா தானாகவே அச்சு அறைக்குப் போய்விட்டார். பிளாஷ் எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் போனேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் கையைத் திருப்பிப் பார்த்து, பானையில் இருந்த தண்ணீரை ஊற்றினார்.

"ஏன்க்கா அப்பிடிச் சொன்னீங்க? லைட்ட நான்தான புடுங்கனன், நீங்க பாத்தீங்கள்ல?"

"பாத்தன். மேல எரிஞ்சதையும் பாத்தன்." குரல் இறங்கியது. "தாலி ஏறறப்ப பந்தல்ல தீப்புடிச்சிச்சின்னு ஒரு வார்த்த வெளியில வந்தா, அது எம் பொண்ணு தலையில ஏறிடும்மா. ஆயுசுக்கும் எறங்காது. நான் வந்து நின்னதால லைட்டு அணைஞ்சிதுன்னா, அது என்னோட போயிடும். நீ யாருகிட்டயும் சொல்லிப்புடாத."

"உங்களுக்குப் படம்…" என்றேன். அழுதேன்.

"போ, போயி அவங்களுக்கு எடு. எனக்கு எதுக்கு? நான்தான் பாத்துட்டனே." ஒரு நொடி அந்த முகம் முழுக்கச் சிரித்தது. "வெரலு, முடிச்சு, அவ மூஞ்சி, எல்லாம் பாத்தன்." பிறகு என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "நீ நல்ல பொண்ணும்மா. உம் பொழப்பு போனாலும் பரவால்லன்னு அவங்ககிட்ட உண்மையச் சொல்ல வாயத் தொறந்த பாரு. அதுவே எனக்குப் போதும்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அந்தப் பெண்மணி இன்றைக்கும் வழியில் பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். அவர் வந்து நின்றதால் விளக்கு அணைந்த கதையை அதற்குப் பிறகு இரண்டு மூன்று கல்யாண வீடுகளில் நானே கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே கேமராவுக்கு பேட்டரி மாற்றியிருக்கிறேன். நான் கட்டிய விளக்கு என்று தெரிந்தால் அதற்கப்புறம் இந்த ஊரில் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? அன்றைக்குச் சாக்கைப் போட்டுவிட்டுத் திரைக்கு வெளியே வந்தபோது என் மனசில் ஓடியது அது ஒன்றுதான். எதுவும் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வெளியே வந்தேன். மூச்சு முட்டியது, அதனால் வாயைத் திறந்தேன்.